குசினியும் குறுந்தொகையும்



இலக்கியத் தொடர் ஒன்றிலே குசினிக்கு என்ன வேலை என்று உங்களிற் சிலர் வினவக்கூடும். வினவுவது நியாயமே. இருபது ஆண்டுகளாக இந்துக் கல்லூரியில் தமிழ் கற்பித்து வருகிறேன். குறுந்தொகையை உரைகளோடும் அகராதியோடும் வைத்துப் படித்தவன்தான். ஆயினும் அந்நூலின் 167ஆம் பாட்டு எனக்கு விளங்கியது நூலகத்தில் அல்ல; வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டுக் குசினியிலே. அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

2006ஆம் ஆண்டு தை மாதம் பட்டதாரி ஆசிரியர் நியமனம் பெற்று நான் கொழும்புக்கு வந்தேன். அப்பொழுது எங்களுக்குத் திருமணமாகி ஐந்து மாதம். நான் வலிகாமத்தைச் சேர்ந்தவன், மனைவி வடமராட்சி. கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மேல்மாடியில் இரண்டு அறையும் ஒரு குசினியும் வாடகைக்குக் கிடைத்தன. அந்தக் குசினியில் இருவர் ஒன்றாக நின்றால் ஒருவர் திரும்ப மற்றவர் வெளியே வரவேண்டும். கீழே வீட்டுக்கார அம்மா இருந்தார். மாத்தறையைச் சேர்ந்த சிங்களப் பெண்மணி, கணவரை இழந்தவர்.

புறப்படும்போது என் தாயார் ஒரு பெரிய பை கட்டித் தந்தார். குத்தரிசி, ஒடியல், பனங்கட்டி, மோர்மிளகாய், இவற்றுக்கு நடுவே பழைய துணியிற் சுற்றிய ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல். அதனுள்ளே தூள். யாழ்ப்பாணத்தில் 'தூள்' என்றால் போதும். என்ன தூள் என்று எவரும் கேட்பதில்லை. செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, நற்சீரகம், பெருஞ்சீரகம், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் பதமாக வறுத்து இடித்தது. ஒரு வாரம் தங்கப் போகிறவனுக்கும் ஒரு வருடம் தங்கப் போகிறவனுக்கும் ஒரே அளவிற் கட்டிக்கொடுப்பது எங்கள் தாய்மாரின் வழக்கம்.

புதிய ஊரில் எங்களுக்கு முதற்பாடம் சொன்னது பருப்பு. ஊரில் எவ்வளவு நேரம் அவிய விடுவோமோ அவ்வளவு நேரம் விட்டோம். மூடியைத் திறந்தால் பானைக்குள்ளே பருப்பைக் காணவில்லை, கூழ்தான் இருந்தது. யாழ்ப்பாணக் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையில் ஊறி வருவது, வன்னீர். அதிலே பருப்பு இலகுவில் மசியாது. கொழும்பின் குழாய்நீர் மென்னீர். இதை நான் பாடசாலையில் விஞ்ஞானப் பாடமாகப் படித்துப் புள்ளியும் பெற்றிருக்கிறேன். இருந்தும் பானையைத் திறந்து பார்த்தபிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

அடுத்த பாடம் மீன்சந்தையில். "தோரா, தோரா" என்று வியாபாரி கூவுகிறார். அது என்ன மீனோ என்று தயங்கி நின்றோம். கிட்டப்போய்ப் பார்த்தால் நம்முடைய அறுக்குளா! 'பலயா' என்பது சூரை. மீன்களுக்குப் பெயர் மாறியிருந்ததே தவிர மீன் மாறவில்லை. ஆனால் விளையும் ஒட்டியும் ஓராவும் கேட்டால் அன்று அந்தச் சந்தையில் எவருக்கும் தெரியவில்லை. வடமராட்சிக் கடலைப் பார்த்து வளர்ந்த என் மனைவிக்கு அது பெருங் குறையாக இருந்தது. வெளியே சொல்லவில்லை.

ஆடி முடிவதற்குள் ஹோர்லிக்ஸ் போத்தலின் அடி தெரியத் தொடங்கிவிட்டது. அடுத்த போத்தல் வரும் என்று காத்திருந்தோம். நேயர்கள் பலருக்கு நினைவிருக்கும். 2006 ஆகஸ்ட் மாதத்தில் முகமாலையில் ஏ-9 வீதி மூடப்பட்டது. தூள் வரவில்லை. கடிதமும் ஒழுங்காக வரவில்லை.

கடைத்தூள் வாங்கினோம். ஒன்று நிறமாக இருந்தது, வாசனை இல்லை. இன்னொன்று வாசனையாக இருந்தது, உறைப்பில்லை. மனைவி இரண்டையும் கலந்து, மிளகு சேர்த்து, என்னென்னவோ செய்து பார்த்தார். அதுவும் எப்படி? காலையில் இன்னொரு பாடசாலைக்குத் தொண்டராசிரியராகப் போய், பிற்பகல் பஸ்ஸில் நின்றபடி வந்து, பிறகு அடுப்பை மூட்டி. புரட்டாதியில் ஒருநாள் இரவு மீன்கறியை வாயில் வைத்துவிட்டு நான் சொன்னேன்: "இது கறியே இல்லை."

அவர் கோபிக்கவில்லை. ஒரு நிமிடம் கழித்து, "உங்கட அம்மாவின்ர தூள்தான் யாழ்ப்பாணமோ? எங்கட வீட்டில நாங்கள் கறி காய்ச்சாமலோ இருந்தனாங்கள்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. வலிகாமத்து எங்கள் வீட்டுத் தூளில் மல்லி முந்தும். அவர்கள் வீட்டுத் தூளில் மிளகும் மிளகாயும் முந்தும். திருமணமான நாள்முதல் அவர் என்னுடைய வீட்டுச் சுவையைத்தான் காய்ச்சிக்கொண்டிருந்தாரே ஒழியத் தம்முடைய வீட்டுச் சுவையை ஒருநாளும் காய்ச்சவில்லை. அது என் புத்தியில் அதுவரை பட்டதேயில்லை. எனினும் அன்று நான் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆண்பிள்ளையல்லவா! பேசாமல் எழுந்து கை கழுவினேன்.

அடுத்து வந்த நாட்களில் சொதி வந்தது, பருப்பு வந்தது, வெள்ளைக்கறி வந்தது. தூள்போட்ட கறி வரவில்லை. பேசாமல் இருந்திருந்தால் சமாதானமாவது பேசியிருக்கலாம். அவர் வழமைபோலப் பேசினார்; கறிதான் காய்ச்சவில்லை.

அந்தக் கிழமையிலே உயர்தர வகுப்பில் சங்க இலக்கியம் பற்றிய பாடம். பாடத்திட்டத்தில் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, கூடலூர்கிழாரின் அந்தக் குறுந்தொகைப் பாட்டைச் சொல்லாமல் நான் விடுவதில்லை. மணமாகிப் புதிய வீட்டுக்குச் சென்ற தலைவியைச் செவிலித்தாய் போய்ப் பார்க்கிறாள். திரும்பி வந்து, பெற்ற தாயிடம் தான் கண்டதைச் சொல்கிறாள். மகள் தயிரைக் கையாற் பிசைந்தாள். அந்தக் கையை உடுத்திருந்த ஆடையிலேயே துடைத்தாள். தாளிதப் புகை கண்ணில் நிறைந்தது. தானே துழாவிச் சமைத்தாள். கணவன் உண்டு, இனிது என்றான். அவள் முகம் மெல்ல மலர்ந்தது. இவ்வளவுதான் செய்தி. தாளிதத்துக்குச் சங்கப் புலவர்கள் வழங்கிய 'குய்' என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சேர், சாப்பாடு உண்மையிலேயே நல்லா இருந்ததா, இல்லாட்டி அவர் சும்மா சொன்னாரா?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பாட்டை எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. யோசித்துப் பாருங்கள், நேயர்களே. கறி நன்றாக இருந்தது என்று செவிலி சொல்லவில்லை. அவள் அதைச் சுவைத்துப் பார்க்கவுமில்லை. அவள் கண்டது ஒரு முகத்தை மட்டுந்தான். செல்வமாக வளர்ந்த பெண், அடுப்படிப் பழக்கம் இல்லாதவள், தாய்வீட்டை விட்டுப் புதிய ஊருக்கு வந்தவள். அவள் துழாவிய கறி அவன் தாயின் கறிபோல இருந்திருக்குமா? அவள் தாயின் கறிபோலத்தான் இருந்திருக்குமா? புலவர் அதைப் பற்றி வாய் திறக்கவேயில்லை. உரையாசிரியர்கள் மெய்ப்பாட்டையும் கூற்றையும் விரித்து எழுதுவார்கள். பின்வரிசை மாணவன் கேட்டது போல் கேட்பதில்லை.

"நாளைக்குச் சொல்கிறேன்" என்று மாணவனிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆசிரியர்களுக்கு அது ஒரு நல்ல புகலிடம்.

அன்று மாலையோ மறுநாளோ, ஊருக்குத் தொலைபேசி இணைப்புக் கிடைத்தது. தாயார் பேசினார். வழமைபோல "தம்பி, சாப்பிட்டியோ? பிள்ளை சுகமோ?" என்றார். தூள் தீர்ந்துவிட்ட கதையை நான் முறைப்பாடுபோலச் சொன்னேன். அவர் சிறிது பேசாமலிருந்துவிட்டு, "இஞ்சை மாவுக்கும் சீனிக்கும் சங்கக்கடையில வரிசையில நிக்கிறம், ராசா. இருக்கிறதைக் காய்ச்சிச் சாப்பிடுங்கோ" என்றார். வீதி மூடப்பட்டதனால் குடாநாட்டில் பொருள்களுக்கு எவ்வளவு தட்டுப்பாடு என்பதைப் பத்திரிகையில் நான் நாள்தோறும் வாசித்துக்கொண்டுதானிருந்தேன். வாசித்தது வேறு, அம்மாவின் வாயாற் கேட்டது வேறு. தொலைபேசியை வைத்தபிறகு நான் குசினிக்குள் போனேன்.

"உங்கட வீட்டுத் தூளுக்கு எவ்வளவு மிளகாய் போடுவினம்?" என்று மனைவியிடம் கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "மல்லி ஒரு பங்கெண்டால் மிளகாயும் ஒரு பங்கு. மிளகு கைநிறைய" என்றார்.

அந்தச் சனிக்கிழமை தூள் வறுப்பதென்று தீர்மானித்தோம். மிளகாயைக் காயப்போட முற்றமில்லை. மாடிப்படித் திருப்பத்தில் ஒரு பத்திரிகைத் தாளை விரித்துப் பரப்பினோம். கடற்காற்றின் ஈரத்தில் அது காய்வதற்குப் பதிலாகப் பதத்துப் போயிற்று. பரவாயில்லையென்று தாச்சியை அடுப்பில் வைத்து ஒரு கிலோ மிளகாயை ஒரேயடியாகக் கொட்டியவன் நான்தான். ஐந்து நிமிடத்தில் குசினியில் நிற்க முடியவில்லை. பத்து நிமிடத்தில் அந்த ஒழுங்கை முழுவதும் இருமியது. ஒருவரையொருவர் ஐயத்தோடு பார்த்துக்கொண்டிருந்த காலம் அது; மேல்வீட்டிலிருந்து புகையும் நெடியும் வந்தால் அயலார் என்ன நினைப்பார்கள்! நான் நடுங்கிப் போனேன். படியில் காலடி கேட்டது. வீட்டுக்கார அம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றார். மூன்று முறை தும்மினார். தாச்சியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

அவருக்குத் தமிழ் சொற்பம். எங்களுக்குச் சிங்களம் அதிலும் சொற்பம். ஆனால் தாச்சியும் மிளகாயும் முன்னே இருந்தபடியால் மொழி அதிகம் தேவைப்படவில்லை. அடுப்பைத் தணித்தார். யன்னல்களைத் திறந்தார். மிளகாயைச் சிறிது சிறிதாக, ஒரு துளி எண்ணெயும் உப்பும் போட்டு வறுக்கச் செய்தார். நெடி அடங்கியது. தம்முடைய வீட்டில் தூளுக்குள் மிளகாயே சேர்ப்பதில்லை என்றும் சொன்னார். அவர்களுடைய தூளுக்குப் பெயர் 'துன பஹ'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'மூன்று ஐந்து'. மல்லியும் சீரகங்களும் கறுவாவும் ஏலமும் அதில் சேரும். மிளகாய்த்தூள் தனியே இருக்கும். வேண்டிய கறிக்கு வேண்டிய அளவு. மூன்றும் ஐந்தும் எவை எவை என்று நான் கேட்க, அவர் விரல்விட்டு எண்ணினார். கணக்கு எட்டுக்கு மேலே போயிற்று. எங்கள் திரிகடுகமும் சிறுபஞ்சமூலமும் நினைவுக்கு வந்தன. எங்கும் பெயரிடுகிறவர்கள் எண்ணி இடுகிறார்கள். பின்னால் வருகிறவர்கள் எண்ணாமற் போடுகிறார்கள்.

அன்றிரவு மனைவியின் வீட்டுத் தூளில் அறுக்குளாக் கறி. என் தாயின் கறி அல்ல அது. முதல் வாயில் நாக்கு மறுத்தது என்பதே உண்மை. நல்லாயிருக்கிறது என்றேன். அவர் முகம் மலர்ந்ததா என்று கேட்கிறீர்களா? "சும்மா சொல்லாதேங்கோ" என்றார். ஆனால் இரண்டாம் முறை கறி விட்டுக்கொண்டபோது உண்மையாகவே நன்றாக இருந்தது. பிறகு வகுப்புக்குப் போய் அந்த மாணவனிடம், "முதலில் சும்மா சொல்லியிருப்பான், பிறகு உண்மையாகியிருக்கும்" என்றேன். அவன் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டான். பரீட்சைக்கு எழுதினானோ தெரியாது.

இந்த இடத்தில் மிளகாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். கூடலூர்கிழாரின் தலைவி தாளித்தபோது கண்ணில் நிறைந்த புகை மிளகாய்ப் புகை அல்ல. சங்கப் புலவர் எவரும் மிளகாயைக் கண்டதில்லை. அது அமெரிக்கக் கண்டத்தில் விளைந்தது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் வழியாக நமது பக்கங்களுக்கு வந்து சேர்ந்தது. மிளகைப்போல உறைக்கும் காய் ஆதலால் மிளகாய் என்று பெயரிட்டோம். ஒடியற் கூழிலே போடுகிறோமே மரவள்ளிக்கிழங்கு, அதுவும் அதே கண்டத்துப் பயிர். காலையில் தின்னும் பாண் போர்த்துக்கேயச் சொல். சம்பல் என்பது மலாய்ச் சொல். இந்தப் பேச்சின் தலைப்பிலே இருக்கிற குசினியும் போர்த்துக்கேயர் விட்டுச் சென்றதுதான். இவற்றையெல்லாம் பல்கலைக்கழகத்தில் 'பிறமொழிச் சொற்கள்' என்ற தலைப்பில் பாடமாக்கியவன் நான். பாடமாக்கிவிட்டு, அம்மாவின் தூள் ஆதிகாலந்தொட்டு மாறாமல் வந்தது என்று நம்பியிருந்தேன்.

அதன்பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்தே சமைத்தோம். தேங்காய் துருவுவதும் வெங்காயம் உரிப்பதும் என் பொறுப்பு. உப்புப் போடும் அதிகாரம் எனக்கு இன்றுவரை வழங்கப்படவில்லை. வீட்டுக்கார அம்மா பிஞ்சுப் பலாக்காயைக் கொண்டுவந்து, அதை மண்சட்டியில் நெடுநேரம் மெல்ல வேகவிடக் காட்டித் தந்தார். அதற்கு அவர்கள் 'பொலொஸ்' என்பார்கள். எங்கள் வறையைப் போன்றது அவர்களுடைய 'மல்லும்'. வல்லாரை, பொன்னாங்காணி எல்லாம் அவர்களுக்கும் உண்டு; பெயர்தான் வேறு.

கீரைக்காரியிடம் 'கங்குங்' என்று ஒரு கட்டு வாங்கினோம். உள்ளே துளையான தண்டு, நீர்நிலைகளில் படர்வது. பெயரைத் தேடிப் பார்த்தபோது திகைத்துப் போனேன். அது வள்ளை! பெண்களின் காதுக்கு உவமையாக இலக்கியங்களில் வருகிறதே, அதே வள்ளைக்கொடி. எங்கள் ஊர்ப்பக்கம் நான் அதைக் கண்டதில்லை. கண்டறியாத கொடியையே உவமை என்று சொல்லிக் கற்பித்திருக்கிறேன். கட்டைப் பிரித்து ஒரு தண்டை எடுத்து மனைவியின் காதருகே பிடித்துப் பார்த்தேன். "கறிக்கு வெட்டித் தாறீங்களோ, இல்லையோ?" என்றார்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டைக் கொழும்பில் என் மாணவர் அழகாகப் பாடுவார்கள். பனங்கட்டிக் கூழும் கொழுக்கட்டையும் அதில் வரும். கூழ் குடித்தவர் யார் என்று கேட்டால் நாற்பது பேரில் நாலு கை உயரும். ஆகையால் ஒவ்வோர் ஆடி முதலாம் நாளும் வீட்டில் ஒரு பெரிய பானையில் கூழ் காய்ச்சி வகுப்புக்குக் கொண்டுபோகிறோம். பயறு வறுப்பது மனைவி. பானை சுமப்பது நான். சிலருக்குப் பிடிக்கிறது. சிலர் மரியாதைக்காகக் குடிக்கிறார்கள். அதுவும் போதும்.

கொழும்பிலே எல்லாவற்றையும் விட எங்களை வென்றது கொறக்கா. தமிழில் கொறுக்காய்ப்புளி என்பார்கள். பழத்தின் தோட்டைக் கீறி உலர்த்திப் புகையூட்டிக் கறுக்கச் செய்வது. மாத்தறைப் பக்கத்தில் அதை அரைத்து மிளகோடு சேர்த்துச் சூரைத் துண்டுகளில் பூசி, தேங்காய்ப்பால் விடாமல், வற்றும்வரை வேகவைப்பார்கள். 'அம்புல் தியல்' என்பது அதன் பெயர். குளிர்சாதனப் பெட்டி இல்லாமலே சில நாட்களுக்குக் கெடாது. எங்கள் பழப்புளிக்குக் கரைசலும் சாறும் உண்டு. கொறக்காவின் புளிப்பு மீனின் உள்ளேயே போய் உட்கார்ந்துவிடும். என் மனைவி தம் வீட்டுத் தூளையும் வீட்டுக்கார அம்மாவின் கொறக்காவையும் சேர்த்து ஒரு மீன்கறி கண்டுபிடித்தார். அது வடமராட்சியுமில்லை, மாத்தறையுமில்லை. பெயர் வைக்கும்படி என்னிடம் சொன்னார். தமிழாசிரியனாகிய எனக்கு ஒரு பெயரும் வரவில்லை. வீட்டில் அதற்கு இன்றும் 'அந்தக் கறி' என்றுதான் பெயர்.

2010 சித்திரையில் என் தாயார் ஏ-9 வீதியால் பஸ்ஸில் வந்து சேர்ந்தார். நான்கு வருடங்களுக்கு மேலாகியிருந்தது. மெலிந்திருந்தார். பையைத் திறந்து முதலில் எடுத்தது ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல். நான் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். அவர் இரண்டு கையாலும் அதை வாங்கி, எங்கள் தூள் போத்தலுக்குப் பக்கத்திலே வைத்தார். அன்று மத்தியானம் 'அந்தக் கறி'. அம்மா ஒரு வாய் உண்டார். நாங்கள் இருவரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இது பழப்புளி இல்லையே, பிள்ளை?"

"இல்லை மாமி. கொறக்கா."

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.

இரண்டு கிழமை நின்றுவிட்டுப் புறப்படும்போது, கீழ்வீட்டு அம்மா ஒரு சிறு பொட்டலத்தில் கொறக்கா கட்டிக் கொடுத்தார். ஊருக்குப் போய்ச் சேர்ந்த மறுவாரம் அம்மாவின் தொலைபேசி அழைப்பு வந்தது. ஒரு சட்டி மீனுக்கு ஏழெட்டுத் துண்டு போட்டுவிட்டாராம். புளிப்பில் எவரும் வாயில் வைக்கவில்லையாம். "எத்தினை துண்டு போடுறதெண்டு பிள்ளையைக் கேட்டுச் சொல்லு தம்பி" என்றார். தொலைபேசியை மனைவியிடம் கொடுத்தேன். இருவரும் அரைமணி நேரம் பேசினார்கள். நான் தேங்காய் துருவப் போனேன்.